திரும்பவும் ஒரு ட்ரிப்... அனுராதபுரத்துக்கு!

இலங்கைக்கு டூர் போயிட்டு வந்தவங்ககிட்ட "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. சிகிரியா மலை, கண்டி தலதா மாளிகை, யானைக்குட்டி, பீச்... இந்த நாலும் ஒப்பிக்கிற மாதிரி வரிசையா வரும். நம்ம கதையும் அதேதான் மக்களே! ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வீட்டோட போன பேக்கேஜ் டூர். அஞ்சு நாள், ஒரு ஏ.சி. வேன், கையில ஒரு அட்டவணை. அதுல அனுராதபுரத்துக்கு ஒதுக்கியிருந்தது ரெண்டே ரெண்டு மணி நேரம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேல தலைநகரா இருந்த ஊரு அது. வகுத்துப் பாத்தா ஒரு நூற்றாண்டுக்கு ஒன்பது நிமிஷம்!

அதனால இந்த ஜூன்ல, செமஸ்டர் முடிஞ்ச கையோட, மறுபடியும் கிளம்பறோம். இந்த முறை வேன் கிடையாது. பஸ், சைக்கிள், ரெண்டு கால். பிளான் போட ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு. பிளான் போடுறதே பாதி ட்ரிப்புங்கிறது இப்பத்தான் புரியுது.

செங்கல் கணக்கு

நான் சிவில் மூணாம் வருஷம். எந்தக் கட்டடத்தைப் பாத்தாலும் "இதுக்கு எவ்வளவு செங்கல் ஆகியிருக்கும்?"னு கை தானா கால்குலேட்டர தேடும். அந்த வியாதிக்கு அனுராதபுரத்துல நல்ல தீனி இருக்கு.

ஜேதவனராமய தூபியையே எடுத்துக்குங்க. மூணாம் நூற்றாண்டு கடைசியில மகாசேனன்ங்கிற ராஜா ஆரம்பிச்ச வேலை. கட்டி முடிச்சப்ப உயரம் சுமார் 122 மீட்டர். எகிப்துல கிசா பிரமிடு ரெண்டையும் விட்டா, அன்னைக்கு உலகத்துலேயே உயரமான கட்டடம் இதுதான்னு சொல்றாங்க. இன்னைக்கு நிக்கிறது 71 மீட்டர்தான். ஆனா உள்ள இருக்கிற செங்கல்? ஒன்பது கோடிக்கும் மேல! கம்பி இல்ல, சிமென்ட் இல்ல. வெறும் செங்கலும் களிமண் சாந்தும். எங்க ஹாஸ்டல் காம்பவுண்டு சுவர் மூணு மழைக்குத் தாங்கல பாஸ்!

மகன் அரண்மனையும் அப்பா ஏரியும்

சிகிரியாவுக்குப் போற கூட்டத்துல பாதிப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். அந்த மலை மேல அரண்மனை கட்டின காசியப்பன், அப்பனைக் கொன்னுட்டு ராஜாவானவன். அப்பா பேரு தாதுசேனன். அஞ்சாம் நூற்றாண்டுக்காரர். "உன் புதையல் எங்கே?"ன்னு மகன் ஆளுங்க மிரட்டினப்ப, அவர் கலாவெவ ஏரிக்குக் கூட்டிட்டுப் போயி, தண்ணியைக் கையில அள்ளிக் காட்டி "இதுதான் என் சொத்து"ன்னாராம். இது சூளவம்சம் சொல்ற கதை.

அந்த ஏரியில இருந்து அனுராதபுரம் திஸ்ஸவெவ வரைக்கும் ஒரு கால்வாய் போகுது. பேரு ஜய கங்கை. யோத எலன்னும் சொல்வாங்க. நீளம் சுமார் 87 கிலோமீட்டர். அதுல முதல் 27 கிலோமீட்டருக்குச் சரிவு எவ்வளவு தெரியுமா? மைலுக்கு ஆறு அங்குலம்! நம்ம பாஷையில நூறு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். சர்வே லேப்ல டம்பி லெவல் வெச்சு காலேஜ் கிரவுண்டை அளந்தப்பவே எங்க பேட்ச்ல ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு விடை வந்துச்சு. இவங்க ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி காட்டுக்குள்ள இதைப் பண்ணியிருக்காங்க. அந்தக் கால்வாயில இன்னும் தண்ணி ஓடுது.

இன்னொண்ணு, பிசோகொடுவ. ஏரிக்கரைக்குள்ள பதிச்ச ஒரு சதுரக் கிணறு. பெரிய ஏரியில மதகைத் திறந்தா தண்ணி பீறிட்டு அடிச்சுக் கரையையே அறுத்துரும். ஏரித் தண்ணி முதல்ல இந்தக் கிணத்துக்குள்ள வந்து, வேகம் அடங்கி, அப்புறம்தான் வாய்க்காலுக்குப் போகும். இப்ப நாங்க வால்வ் டவர்னு படிக்கிற அதே சமாச்சாரம். பிரிட்டிஷ்காரர் ஹென்றி பார்க்கர், நீர்ப்பாசன இன்ஜினீயர், 1909-ல வந்த தன் புத்தகத்துல இதைப் பத்தி அசந்துபோயி எழுதியிருக்கார்.

புத்தர் ஊர்ல தமிழ்க் கல்வெட்டு

"டேய், புத்தர் கோயில் பாக்க அங்க எதுக்குடா? நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"னு பிளான் போடும்போது வீட்டுல கேட்டாங்க. சம்பந்தம் இருக்கும்மா... நிறையவே இருக்கு!

அனுராதபுரத்துல அபயகிரி பக்கம் ஒரு பாறை. கி.மு. 2-ஆம் நூற்றாண்டு வாக்குல பிராமி எழுத்துல வெட்டின கல்வெட்டு. தமிழ் வணிகர்கள் கூடி உட்கார்ற மேடை அது. யார் யாருக்கு எந்த இடம்னு பேரு வெட்டியிருக்கு. அதுல ஒரு கப்பல்காரருக்கும் சீட்டு உண்டு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ரிசர்வேஷன் சார்ட்!

பொலன்னறுவைக்குப் போனா இன்னும் ஆச்சரியம். 11-ஆம் நூற்றாண்டுல அது சோழர் கையில இருந்த ஊரு, பேரு ஜனநாதமங்கலம். அவங்க கட்டின வானவன்மாதேவி ஈச்சரம் இன்னைக்கும் முழுசா நிக்குது. தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து ஒரு கோயிலைத் தூக்கிட்டு வந்து வெச்ச மாதிரி இருக்கும். அதே ஊர்ல 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. புத்தரோட பல் வெச்சிருந்த கோயிலைக் காவல் காக்கிற பொறுப்பை வேளைக்காரப் படை, அதாவது தமிழ்ப் படை வீரர்கள், ஏத்துக்கிட்ட சேதி அதுல இருக்கு. அந்தக் கோயிலுக்குக் காவல் நம்மாளுங்க!

அட, நம்ம பக்கமும் சும்மா இல்ல. மணிமேகலை பௌத்தக் காப்பியம்தானே? ராஜராஜ சோழன் காலத்துல நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம்னு பெரிய புத்தர் கோயிலே இருந்துச்சு. அந்த ஊர்ல மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச புத்தர் வெண்கலச் சிலைகள் முந்நூத்துக்கும் மேல. சென்னை எழும்பூர் மியூசியத்துல போயிப் பாருங்க.

கல்லுக்குப் பக்கத்துல காயம்

இதெல்லாம் படிக்கச் சந்தோஷமா இருக்கு. ஆனா அந்த ஊர்ல நடக்கும்போது இன்னொண்ணையும் மனசுல வெச்சிருக்கணும். அனுராதபுரத்துல இருக்கிற ஸ்ரீ மகா போதி மரம், சங்கமித்தை கொண்டு வந்த கிளையில இருந்து வந்ததுன்னு பௌத்தர்கள் உயிரா மதிக்கிற இடம். 1985 மே 14-ல விடுதலைப் புலிகள் அந்த ஊருக்குள்ள புகுந்து 146 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. அதுல கும்பிட வந்த ஜனங்களும் உண்டு. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1981-ல, யாழ்ப்பாணம் நூலகத்தைக் கொளுத்தினாங்க. ஓலைச்சுவடியோட எரிஞ்சுபோன புத்தகங்கள் ஆயிரக்கணக்குல. ஒண்ணைச் சொல்லிட்டு இன்னொண்ணை மறைக்க முடியாது.

மகாவம்சத்துல ஒரு சேதி வருது. எல்லாளன்ங்கிற தமிழ் ராஜாவை துட்டகைமுனு போர்ல கொன்னுட்டு, அதே ராஜாவுக்கு நினைவிடம் கட்டி, "இதைத் தாண்டிப் போறவங்க மேளத்தை நிறுத்திட்டு மரியாதையோட போகணும்"னு உத்தரவு போட்டானாம். அந்தக் காலத்து ராஜாவுக்குத் தோணினது பின்னாடி வந்த பல பேருக்குத் தோணல.

ரூட் இதுதான்

நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, நடுவுல நின்னு, 2024 ஆகஸ்டுல மறுபடியும் ஓட ஆரம்பிச்ச சர்வீஸ். நாலு மணி நேரம் கடல். மழைக்காலத்துல நிறுத்திடுவாங்க, அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஓடுதான்னு உறுதி பண்ணிக்கணும். கப்பல் கைவிட்டா சென்னையில இருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம், அது பிளான் பி.

முதல் ரெண்டு நாள் யாழ்ப்பாணம். சுன்னாகம் பக்கத்துல கந்தரோடை. சின்னச் சின்னதா, கூட்டமா நிக்கிற தூபிகள். ஜேதவனத்துப் பக்கத்துல வெச்சா பொம்மை மாதிரி இருக்கும். 1917-ல பால் பீரிஸ் தோண்டிப் பாத்து உலகத்துக்குச் சொன்ன இடம். இது யாரோட பௌத்தம்னு இன்னைக்கும் சண்டை ஓடுது. சிங்களப் பௌத்தம்னு ஒரு பக்கம், தமிழ்ப் பௌத்தம்னு இன்னொரு பக்கம். 2009-ல போர் முடிஞ்ச பிறகு வடக்குல இந்த மாதிரி இடங்கள்ல உரசல் கூடிப்போச்சு. முல்லைத்தீவு குருந்தூர்மலை ஒரு உதாரணம். அப்புறம் நயினாதீவு. ஒரே குட்டித் தீவுல நாகபூஷணி அம்மன் கோயிலும் நாக விகாரையும்.

அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தெற்கே அனுராதபுரம். ரயில் பாதையும் இருக்கு. 2025 நவம்பர்ல அடிச்ச டிட்வா புயல் இலங்கை ரயில் பாதைகளை நல்லாவே சிதைச்சுது, அதனால நாங்க பஸ்ஸை நம்பித்தான் போறோம். ரெண்டு நாள் வாடகை சைக்கிள். அப்புறம் மிகிந்தலை, 1,840 படி! அடுத்து கலாவெவ, பக்கத்துலயே அவுக்கன புத்தர். கடைசியா பொலன்னறுவை. ஒரே பாறையில நாலு சிலை செதுக்கின கல் விகாரைக்கு மட்டும் அரை நாள்.

நாலாவது சீட்டு

இந்த ரூட்டைப் போட்டது நான் இல்ல. எங்க கேங்ல ஒருத்தன். பேரு வேண்டாம்னுட்டான். சுன்னாகத்துல இருந்து கந்தரோடைக்கு எந்த வழியா போகணும்னு நோட்டுல படம் வரைஞ்சு குடுத்தவன் அவன்தான். அந்த ஊரை அவன் பாத்ததே இல்ல. அவன் பொறந்தது தமிழ்நாட்டுல, இலங்கைத் தமிழர் முகாம்ல. அவன் அம்மம்மா 1990-ல குடும்பத்தோட படகுல வந்தவங்க. வழி எல்லாம் அவங்க சொல்லச் சொல்ல அவன் வரைஞ்சது.

"நீயும் வாடா மச்சி, நாலு பேருன்னா ரூம் வாடகை பிரிச்சுக்க ஈஸி"ன்னு ஆரம்பத்துல கூப்பிட்டோம். அவன் சிரிச்சுட்டு, ஒவ்வொண்ணா சொன்னான். இங்க பொறந்தாலும் அவனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. சென்னையில இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்துல பதிஞ்சு அந்த ஊர்க் குடியுரிமை வாங்கலாம், அந்த ஊருப் பாஸ்போர்ட்டும் வாங்கலாம். இங்கிருந்து வெளியேற அனுமதியும் கேட்டு வாங்கணும். ஆனா அப்படிக் கிளம்பிட்டா, பழையபடி வந்து முகாம்ல அம்மா அப்பாவோட இருக்கிறதுக்கு எந்த உத்தரவாதமும் இல்ல. வெளிநாட்டுக்காரனா விசா கேட்டுத்தான் வரணும். டிகிரி முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு.

"போறதுக்கு வழி இருக்கு மச்சி. உங்களுக்கு அது ரிட்டர்ன் டிக்கெட். எனக்கு ஒன்-வே"ன்னான்.

நாம வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்"னு சொன்னா பெரியவங்க திட்டுவாங்க இல்லையா? "போயிட்டு வர்றேன்னு சொல்லு!"ம்பாங்க. அவன் மட்டும் அந்தப் பாதி வார்த்தையைச் சொல்ல முடியாம நிக்கிறான். எங்க மூணு பேருக்கும் ரெண்டாவது தடவையா வாய்ச்ச ஊரு, அது யாரோட ஊரோ அவனுக்கு முதல் தடவையே வாய்க்கல.

அவங்க அம்மம்மாவைப் பாக்கப் போயிருந்தோம். ஏதாச்சும் வாங்கிட்டு வரணுமான்னு கேட்டோம். "ஒண்டும் வேண்டாம் பிள்ளையள். எங்கட வளவுக்கை ஒரு கிணறு இருந்தது. அது இருக்குதோ எண்டு மட்டும் ஒருக்கா பாத்துப்போட்டு வாங்கோ"ன்னாங்க. தூபியும் ஏரியும் நிறைஞ்ச எங்க லிஸ்ட்ல இப்ப முதல் இடம் அந்தக் கிணத்துக்குத்தான்.

கிளம்புறவங்க கவனத்துக்கு...

* வெள்ளை அல்லது வெளிர் நிற உடை, தோளும் முட்டியும் மறையணும். செருப்பு, தொப்பி ரெண்டும் வாசல்லயே. மதியக் கல்லு சுடும், ஒரு ஜோடி சாக்ஸ் வெச்சுக்குங்க.

* புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீங்க. அங்க அது பெரிய அவமரியாதை. புத்தர் டாட்டூ இருந்தா மூடிக்குங்க. 2014-ல கையில புத்தர் டாட்டூ வெச்சிருந்த பிரிட்டிஷ் பெண்ணை நாட்டை விட்டே அனுப்பிட்டாங்க.

* தொல்லியல் இடங்கள்ல சார்க் நாட்டுக்காரங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. பாஸ்போர்ட் இருந்தாத்தான் செல்லும்.

* பௌர்ணமி தோறும் அங்க போயா விடுமுறை. ஜூன் மாசப் பொசன் போயா, மகிந்தர் இலங்கைக்கு வந்த நாள். அனுராதபுரமும் மிகிந்தலையும் ஜனக்கடல் ஆயிடும், ரூம் கிடைக்காது. ஆனா வழியெல்லாம் தன்சல், அதாவது அன்னதானம்! எங்க பர்ஸுக்கு அது பெரிய ஆறுதல்.

* விசா விதி அடிக்கடி மாறுது. கிளம்புறதுக்கு முன்னாடி அரசு அறிவிப்பைப் பாத்துக்குங்க.

* மொழிப் பயம் வேண்டாம். தமிழும் அங்க ஆட்சி மொழி. போர்டுல மூணு மொழி இருக்கும். "ஸ்தூதி"ன்னு ஒரு சிங்கள வார்த்தை கத்துக்குங்க. நன்றின்னு அர்த்தம். டீக்கடையில அதைச் சொன்னா முகம் மலர்ந்துரும்.

நண்பன் வரைஞ்ச மேப்பை லேமினேட் பண்ணியாச்சு. சைக்கிள் பங்ச்சர் ஒட்டவும் பழகியாச்சு. போயிட்டு வர்றோம் மக்களே!