எல்க்கார்ட்: உருளும் இல்லங்களின் ஊர்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து வடகோடியிலே, செயின்ட் ஜோசப் ஆறும் எல்க்கார்ட் ஆறும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்துள்ளது எல்க்கார்ட் நகரம். முன்னாளிற் பித்தளை ஊதுகருவிகளுக்குப் பேர்போன இவ்வூர், 1930ஆம் ஆண்டுகள் தொட்டு மற்றொரு தொழிலாலும் புகழெய்தியது. மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் வீடுகள் இவ்வூரிலும் இதன் சுற்றுப்புறத்திலும் பெருந்தொகையாகக் கட்டப்படுகின்றன. ‘ட்ரெயிலர்’ என்பது அவற்றின் பெயர். கட்டில், அடுப்பு, நீர்த்தொட்டி, மின்விளக்கு யாவும் அச்சிறு கூட்டினுள் அடங்கும்.

நகரை விட்டு அகன்றதும் காட்சி மாறுகின்றது. சோளவயல்களினூடே கரிய குதிரை வண்டிகள் செல்கின்றன. ‘ஆமிஷ்’ எனப்படும் கிறிஸ்தவ மக்கள் வாழும் நாட்டுப்புறம் இது. அவர்களுட் பழைய ஒழுக்கம் பேணுவோர் ஊர் மின்சாரத்தைத் தம் இல்லங்களுக்கு இணைப்பதில்லை. ஆயினும் அம்மக்களுட் பலர் இத்தொழிற்சாலைகளிலே உழைத்து, மின்னொளி வீசும் வீடுகளைப் பிறர்க்குக் கட்டிக்கொடுக்கின்றனர்!

பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றிலே பழைய ட்ரெயிலர் ஒன்றைக் கண்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு உரியது அது. கோடை விடுமுறையிற் பேரப்பிள்ளைகளை அதில் அழைத்துச் செல்ல அவர் எண்ணியிருந்தார். ஆனால் கூரை விளக்கொன்றின் அருகே பலகை கருகியிருந்தது.

“விளக்கை மட்டும் மாற்றினாற் போதாதா?” என்று வினவினார் ஆசிரியை.

“அம்மையீர், இவ்வீட்டுக்கு வாயில் ஒன்றே. பிள்ளைகளின் கட்டிலோ மறுகோடியில் உள்ளது. கூரைக்குள் என்ன நேர்ந்ததென்று பாராமல் இதை நான் திருப்பித் தரமாட்டேன்” என்றார் முதிய தொழிலாளி.

முதலிற் பற்றரியின் இணைப்பையும் வெளிமின்சாரத்தின் இணைப்பையும் நீக்கினார். பின்னர் சோதனைக் கருவியால் மின்சாரம் இல்லையென உறுதிசெய்தார். மழையைத் தாங்கும் மேற்கூரைக்கும் உள்ளேயுள்ள மெல்லிய பலகைக்கும் நடுவே சில அங்குல இடைவெளியே உண்டு. அதிலும் சட்டங்களும் கண்ணாடிநார்ப் பஞ்சும் நிறைந்திருந்தன. மேலே துளையிட்டால் நீர் ஒழுகும். ஆதலின் விளக்குகளைக் கழற்றிய துளைகளும் காற்றுப்போக்கியின் சதுரத் திறப்புமே அவருக்கு வழியாயின. பழைய கம்பியின் நுனியில் உறுதியான நூலொன்றைக் கட்டி, மறுமுனையிலிருந்து மெல்ல இழுத்தார். கம்பி வெளியே வர, நூல் அதன் இடத்தைப் பிடித்தது. அந்நூலிற் புதிய கம்பியைப் பிணைத்து மீண்டும் இழுத்தார்.

ஓரிடத்திற் கம்பி அசையவில்லை. வலிந்து இழுக்காது, அவ்விடத்துப் பலகையைக் கழற்றினார். பஞ்சினுள்ளே ஓர் எலிக்கூடு! குளிர்காலத்தில் வண்டி சும்மா நின்றபோது புகுந்த எலிகள் உறையைக் கொறித்தமையாற் செம்புக்கம்பி வெளியே தெரிந்தது. ஆசிரியை ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் அதனையே நோக்கி நின்றார்.

இவ்விளக்குகள் எரிவது பற்றரியின் 12 வோல்ற்று மின்சாரத்தில். அழுத்தம் குறைவென்று அதனை அலட்சியம் செய்தலாகாது. 24 வாற்று விளக்கொன்றுக்கு, நம் நாட்டு வீடுகளிலுள்ள 230 வோல்ற்றில் ஏறக்குறைய 0.1 அம்பியர் ஓட்டம் போதும். 12 வோல்ற்றிலோ 2 அம்பியர் வேண்டும். ஓட்டம் மிகுந்தாற் கம்பியும் தடிப்பாயிருத்தல் வேண்டும். மெல்லிய கம்பி சூடேறும். கம்பி தாங்கும் அளவுக்குமேல் உருகியை இடுதலுங் கூடாது. பெரிய உருகி கம்பிக்குக் காவலாகாது என மாணவர் நினைவிற் கொள்க.

மாலையில் விளக்குகள் யாவும் எரிந்தன. பலகையை மூடுமுன் முதியவர் நூலொன்றைக் கூரைக்குள்ளே முனைக்கு முனை ஓடவிட்டார். ஏன் என்று கேட்டோம்.

“எனக்குப் பின் யாரேனும் இக்கூரைக்குள் கம்பி இழுக்க வேண்டிவரும். அவருக்காக” என்றார்.