அப்பப்பாவின் பெயர்

அப்பப்பாவின் கல்லறைக்கு எழுத்து வெட்டக் கொடுக்கும்போதுதான் எங்களுக்குள் சண்டை வந்தது. அடையாள அட்டையில் 'ஜோசப்'. ஞானஸ்நானப் பதிவில் 'சூசை'. ஊருக்கும் அவர் சூசையண்ணைதான். எதை வெட்டுவது?

பேரப்பிள்ளைகள் நாங்கள் நாலு பேரும் 'ஜோசப்' பக்கம். உண்மையைச் சொன்னால், சின்ன வயதில் "சூசையின்ர பேரன்மார்" என்று பொடியள் நக்கலடித்ததை நாங்கள் மறக்கவில்லை. 'ஜோசப்' என்று சொல்லத் தெரியாத பழைய ஆக்கள் சிதைத்த பெயர் அது என்றே நினைத்திருந்தோம்.

மாமி மட்டும் விடவில்லை. "ஆஸ்பத்திரியில ஜோசப் ஐயா, ஜோசப் ஐயா எண்டு கூப்பிட மனுசன் திரும்பினதே? நீங்கள் காது கேக்கேல்லை எண்டு நினைச்சியள். நான் போய் சூசையண்ணை எண்டன். கண் முழிச்சுப் பாத்தவர்."

அன்றிரவு அந்தப் பெயரைத் தேடிப் படித்தோம். எபிரேயத்தில் அது 'யோசேஃப்'. 'ஜ' ஒலியே அதில் இல்லை. 'அவர் இன்னும் சேர்த்துத் தருவார்' என்பது பொருள். நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்த ராகேல் முதல் மகனைப் பெற்றதும், இன்னொரு மகனும் கிடைக்கவேண்டும் என்று வைத்த பெயராம். அரபியில் அதுவே யூசுஃப். எங்கள் முஸ்லிம் நண்பர்களின் வீடுகளிலும் இருக்கிற பெயர்.

போர்த்துக்கேயரின் வாயில் அது ஏறக்குறைய 'ஜுஸே'. அவர்கள் இந்தக் கரைகளுக்குக் கொண்டுவந்த பெயரைச் சிங்களத்தில் 'ஜுசே' என்றார்கள், தமிழில் 'சூசை' ஆக்கினார்கள். ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1795இல்தான். ஆக, ஆங்கிலத்து 'ஜோசப்' எங்களிடம் வரமுதலே 'சூசை' இங்கே இருந்திருக்கிறது. யாரும் எதையும் சிதைக்கவில்லை.

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரோ தேம்பாவணியில் சூசையை 'வளன்' என்றே அழைக்கிறார். ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்திருக்கிறார். 'இன்னும் சேரட்டும்' என்பது வளம்தானே!

இப்படி வந்த பெயர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. சந்தியாம்பிள்ளைக்குள் யாக்கோபு இருக்கிறார். 'கடவுள் அருளினார்' என்று பொருள்படும் யோவான், தமிழில் அருளப்பு ஆனார். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பெயர் இருக்கும். நக்கலடிக்கமுதல் ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள். அந்தப் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

கல்லில் 'சூசை' என்றே வெட்டுவித்தோம்.