விழுந்த பிறகு

பகாவ் வட்டாரத் தோட்டங்களில் குதிரையை நேரில் கண்ட பிள்ளைகள் மிகக் குறைவு. ஆனால், சைக்கிள் ஓட்டப் பழகாத பிள்ளைகள் அதைவிடக் குறைவு. கடைக்குப் போய் வரவும், பக்கத்து டிவிஷனில் இருக்கும் உறவினரைப் பார்க்கவும், மாலையில் திடலுக்குச் செல்லவும் சைக்கிள்தான் துணை. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. செம்மண் சாலையும் அதன் மேடு பள்ளங்களும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

என் அண்ணன் மகள் மூன்றாம் ஆண்டில் படித்தபோது, அத்தகைய மேடு ஒன்றிலிருந்து இறங்கும்பொழுது விழுந்துவிட்டாள். எதிரே செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி வந்தது. ஓரமாக ஒதுங்க முயன்றவள் சரளைக் கற்களில் சறுக்கினாள். முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்துவிட்டது. தலையில் அடிபடவில்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காயம் பத்து நாளில் ஆறியது. பயம் ஆறவில்லை. சைக்கிள் சுவரில் சாய்ந்தே கிடந்தது. தோழியர் வந்து அழைத்தால், “கால் வலிக்கிறது,” என்பாள். நாளடைவில் திடலுக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டாள். தோழியரும் அழைப்பதை விட்டுவிட்டனர். சைக்கிளோடு சேர்த்து நட்பையும் இவள் இழந்துவிடுவாளோ என்ற கவலை எங்களைப் பிடித்துக்கொண்டது.

‘குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்’ என்று ஒரு பழமொழி உண்டு. விழுந்த பிள்ளைக்குக் குழி பறிப்பது பெரும்பாலும் பெரியவர்களின் நாக்குதான். “பெண் பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு?” என்றார் ஒருவர். “இதற்கே பயந்தால் நாளைக்கு எப்படிப் பிழைப்பாய்?” என்றார் மற்றொருவர். முன்னவர் அவளைத் தடுத்தார். பின்னவர் அவளைத் தள்ளினார். அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்று இருவருமே கேட்கவில்லை.

கேட்டவர் என் அப்பா. பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர் அவர்.

“எதைக் கண்டு பயம், கண்ணு?”

“பிரேக்கைப் பிடித்தேன், தாத்தா. சைக்கிள் நிற்கவே இல்லை.”

அப்பா சைக்கிளைத் திருப்பி வைத்துப் பார்த்தார். பிரேக் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. புதியது வாங்கி வந்து, பேத்தியின் கையாலேயே மாட்டச் செய்தார். அவள் சக்கரத்தைச் சுழற்றினாள், பிரேக்கை அழுத்தினாள், சக்கரம் நின்றது. மீண்டும் மீண்டும் அப்படியே செய்து பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டோம்.

அடுத்ததாக, அப்பா இருக்கையைத் தாழ்த்தினார். இப்போது அவளுடைய இரண்டு பாதங்களும் தரையில் நன்றாக ஊன்றின. முதல் நாள் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்கு நடந்து சென்றனர். மறுநாள் சமதரையான திடலில், காலால் உந்தி உந்திச் சென்றாள். மூன்றாம் நாள் பெடலில் கால் வைத்தாள். பழைய மேட்டருகே போன அன்று, “இன்றைக்கு வேண்டாம், தாத்தா,” என்றாள். “சரி, திரும்பிவிடுவோம்,” என்று அவரும் திரும்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து, மேட்டின் பாதியிலிருந்து மெதுவாக இறங்கினாள். “ரொம்ப நல்ல பிள்ளை” என்று அப்பா சொல்லவில்லை. “வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்தாய், பார்த்தேன்,” என்றார். அந்த வார இறுதியில் அவளே மேட்டின் உச்சிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

நல்ல குதிரையேற்றப் பயிற்சியாளர்களின் முறையும் இதுதான். பிள்ளை விழுந்தால் முதலில் காயத்தைப் பார்ப்பர். பிறகு, குதிரைக்குத் தீனி கொடுக்கவும் அதன் உடலைத் தேய்த்துவிடவும் சொல்வர். பயம் தணிந்த பின்னர், சாதுவான குதிரை ஒன்றில் ஏற்றி, கயிற்றைத் தாமே பிடித்துக்கொண்டு நடத்திச் செல்வர். ஓட்டம் அதற்கு அப்புறம்தான்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர், ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை எப்படி வளர்கிறது என்பதை 1977ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். அவர் காட்டிய வழிகள் நான்கு. தானே செய்து வெற்றி காணுதல், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தல், பிறருடைய ஊக்கமொழி, உடலும் மனமும் பதற்றமின்றி இருத்தல் ஆகியனவே அவை. அவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. ஆகவே, ‘உன்னால் முடியும்’ என்று நூறு முறை சொல்வதைக் காட்டிலும், முடியக்கூடிய ஒரு சிறு செயலைச் செய்ய விடுவதே மேலானது.

இரண்டாம் வழிக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. திரங்கானு மாநிலத்தின் டுங்குனில் பிறந்த சைக்கிளோட்ட வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங், 2011ஆம் ஆண்டு மான்செஸ்டரில் நடந்த உலகக் கிண்ணக் கெய்ரின் போட்டியில் விழுந்தார். ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மரச்சிம்பு அவருடைய கெண்டைக்காலைத் துளைத்தது. அப்படியும் எழுந்து, சைக்கிளை மிதித்து, மூன்றாவதாக எல்லைக்கோட்டைக் கடந்தார். பலரும் இந்தத் துணிவையே பேசுவர். காயம்பட்ட பிள்ளையிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. அவர் சிகிச்சை பெற்று, மீண்டும் பயிற்சிக்குத் திரும்பியதே நாம் கற்க வேண்டிய பாடம். அவர் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். 2017இல் உலக வெற்றியாளர் ஆனார். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்.

உங்கள் தம்பியோ தங்கையோ சைக்கிளிலிருந்து விழலாம், மேடையில் பேச்சு தடுமாறி நிற்கலாம், தேர்வில் சறுக்கலாம். முதலில் காயம் உண்டா என்று பாருங்கள். பிறகு, எதைக் கண்டு பயம் என்று கேளுங்கள். பதில் உடனே வராது. வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.