பாயில் அமரும் வகுப்பு

ஒரே வகுப்பறையில் ஆண்டு முழுதும் அமர்ந்திருப்பதாலேயே முப்பது பிள்ளைகள் ஒரு சமூகமாகிவிடுவதில்லை. ஒருவர் வராத நாளில் அந்தக் குறையை மற்றவர்கள் உணர்வதையே இங்குச் சமூகம் என்கிறோம். ஒற்றுமை பற்றிய பாடத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் வகுப்பிலும் அந்த உணர்வு இல்லாமற்போகலாம். யார் யாரருகே அமர்கிறார், யாருக்கு யாருடைய உதவி தேவைப்படுகிறது என்பவற்றை வகுப்பின் அன்றாட அமைப்பே தீர்மானிப்பதால், அவ்வுணர்வும் அங்கிருந்தே பிறக்கிறது.

இதற்குத் தமிழகம் கண்ட சிறந்த சான்று செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கப்பட்ட இது, 2007–08இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பிரித்துப் படிப்படியாக அடுக்கிய வரைபடமான கற்றல் ஏணியில் தன் இடத்தைப் பிள்ளையே கண்டறிந்து, உரிய அட்டையை எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவின் பாயில் போய் அமரும். ஆசிரியர் உதவும் குழுவோடு சக மாணவர் உதவும் குழுவும் இருந்ததும், வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் கலந்தே அமர்ந்ததும் இம்முறையின் உயிர்நாடி எனலாம். ஏனெனில் தெருவும் சாதியும் தீர்மானித்து வந்த அண்டையிருப்பை அங்கே அட்டை தீர்மானித்தது. வருகையைப் பிள்ளைகளே குறித்தார்கள். கைக்கெட்டும் உயரத்துக் கரும்பலகையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருந்தது. தலைக்குமேல் கட்டிய கம்பிப் பந்தலில் எல்லோருடைய படைப்புகளும் தொங்கின. பேசியவர்களின் பெயரைப் பலகையில் எழுதும்படி வகுப்புத் தலைவனுக்கு ஆணையிடும் பழைய வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்: அவ்வழக்கம் ஏழு வயதுப் பிள்ளையைத் தன் தோழர்களுக்கே காவலனாக்குகிறது.

சேர்ந்து உண்பதும் இந்த அன்றாட அமைப்பில் சேரும். 1920களில் சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி இருந்ததை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி எழுந்த மண்ணில், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும் 2022இல் தொடங்கிய காலை உணவும் பசியாற்றியதோடு ஒரே வரிசையில் அமரும் பழக்கத்தையும் வளர்த்தன. அவ்வரிசையில் ஆசிரியரும் அமர்ந்து உண்ணும் பள்ளிகளில் அப்பழக்கம் இன்னும் ஆழமாக வேர்விடும்.

ஆயினும், குழுவே சுவராக மாறும் ஆபத்தும் உண்டு. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கிறது. பெயர்கள் மென்மையானவை, நோக்கமும் நல்லது. ஆனால் ஆண்டு முழுதும் அரும்பிலேயே விடப்படும் பிள்ளை அப்பெயரின் பொருளை விரைவில் புரிந்துகொள்கிறது; மற்ற பிள்ளைகளோ அதற்கும் முன்பே புரிந்துகொள்கிறார்கள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை கணக்கிலோ, ஓவியத்திலோ, செடி வளர்ப்பிலோ பிறருக்குக் கற்றுத்தரும் வேளை வாரத்தில் ஒருமுறையேனும் அமைந்தால்தான் உதவி இருபுறமும் ஓடும். ஒருபுறமே ஓடும் உதவி, பெறுபவரைக் கூசவைக்கும்.

அவ்வேளையை அமைக்க ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் உற்றுநோக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். பதிவேடுகளும் கைப்பேசிச் செயலிகளும் விழுங்கிவரும் அந்த நேரத்தை மீட்டு வகுப்பறைக்கே தருமாறு கல்வித் துறையைப் பெற்றோரும் ஊராரும் சேர்ந்து கேட்க வேண்டும்.