அறிவுரைக்கு முன்

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. கற்பித்த பாடங்கள் பல நினைவிலிருந்து நழுவிவிட்டன. ஆயினும், ஒரு மாணவனுக்கு நான் கூறிய அறிவுரை மட்டும் இன்னும் என் செவியில் ஒலித்துக்கொண்டேயிருக்கின்றது. அதில் சொற்குற்றமோ பொருட்குற்றமோ இல்லை. ஆனால், அதைக் கூறுமுன் நான் கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை.

அது 1984ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988இல்தான் வந்தது. அதற்கு முன்னர் ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பெரும் கவலையாக இருந்தது.

என் வகுப்பில் ஒரு மாணவன் வாய்ப்பாடு ஒப்பிப்பதிலும் கட்டுரை எழுதுவதிலும் முதல்வனாக விளங்கினான். பள்ளி விடுமுறையின்போது, தோட்டத்தை அடுத்திருந்த பழைய ஈயக்குட்டையில் அவனுடைய அண்ணன் மூழ்கி இறந்தான். இழவு வீட்டிற்கு நானும் சென்றேன். தந்தையின் கைகளைப் பற்றி ஆறுதல் கூறினேன். மூலையில் நின்றிருந்த சிறுவனிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. சிறுபிள்ளைதானே, விரைவில் மறந்துவிடுவான் என்று எண்ணினேன்.

பள்ளி திறந்தது. அவன் வந்தான், எழுதவில்லை. வயிற்றுவலி என்றான், மேசைமீது தலைசாய்த்து உறங்கினான். ஒருநாள், அவனது கட்டுரை ஏட்டில் தலைப்பு மட்டுமே இருக்கக் கண்டு, வகுப்பின் முன்னே அவனை நிறுத்தினேன். "அண்ணன்தான் இல்லை. இனி நீ அல்லவா பொறுப்போடு படித்துப் பெற்றோரைக் காப்பாற்ற வேண்டும்?" என்றேன். ஊக்க மூட்டுவதாகவே கருதினேன். அவன் என்னை நிமிர்ந்து நோக்கவில்லை. மறுநாள் முதல் பள்ளிக்கு வரவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து, தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மூதாட்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். எழுத்தறியாதவர். நாள்தோறும் அச்சிறுவன் கொட்டகைக்கு வந்து ஏணைகளை ஆட்டிக்கொண்டிருந்தானாம். அவர் எதுவும் வினவவில்லை, விரட்டவும் இல்லை. நான்காம் நாள் அவனாகவே அழுதிருக்கின்றான். குட்டையில் விழுந்தது அவனுடைய பந்து. அதை எடுத்துத் தரும்படி வற்புறுத்தியவனும் அவனே. தன்னால்தான் அண்ணன் இறந்தான் என்னும் எண்ணத்தை இரண்டு திங்களாக அவன் தனியே சுமந்திருக்கின்றான்.

"வாத்தியாரய்யா, ஒங்ககிட்ட சொல்லட்டுமான்னு அவன்கிட்டயே கேட்டேன். சரின்னு தலையாட்டினான். அதான் வந்தேன்," என்றார் அந்த ஆயா.

அக்கணத்தில் என் அறிவுரையின் கொடுமை எனக்கு விளங்கிற்று. அண்ணனின் இடத்தை அவனே நிரப்ப வேண்டும் என்றல்லவா நான் ஊர் அறியக் கூறினேன்! அன்று மாலையே ஆயாவுடன் அவன் வீட்டிற்குச் சென்றேன். தாயிடம் செய்தியைச் சொன்னபோது, அவர் மகனை மடியில் இழுத்துக் கிடத்தி, "ஒம்மேல ஒரு குத்தமும் இல்லப்பா," என்று திரும்பத் திரும்பக் கூறினார். நானும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவ்வாண்டுத் தேர்வில் அவன் சிறப்பாகத் தேறவில்லை. ஆனால், மெல்லப் பேசத் தொடங்கினான். ஆண்டிறுதியில் நான் கண்ட பெரும் தேர்ச்சி அதுவே.

பின்னாளில் உளவியல் நூல்களைப் பயில முற்பட்டபோது, கார்ல் ரோஜர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் கருத்துகளைப் படித்தேன். துன்புற்று வருபவரைத் தீர்ப்பளிக்காது ஏற்றல், அவர் நிலையில் நின்று உணர்தல், பாசாங்கின்றிப் பழகுதல் ஆகிய மூன்றும் ஆலோசகரிடம் அமைய வேண்டும் என்கின்றார் அவர். சிறுவர்கள் சொற்களைவிட விளையாட்டின் வழியே தம் உள்ளத்தைத் திறப்பர் என்று வர்ஜினியா ஆக்ஸ்லைன் 1947இலேயே எழுதினார். இவற்றைப் படிக்கும்போதெல்லாம் ஏணைக் கயிற்றைப் பிடித்திருந்த அச்சிறுவனும், அருகே வாளாவிருந்த ஆயாவுமே என் கண்முன் தோன்றினர். தான் கேட்டதைப் பிறரிடம் கூறுமுன் பிள்ளையின் ஒப்புதலைப் பெற்றாரே, அந்தப் பண்பையும் எந்நூல் அவருக்குக் கற்பித்தது?

இன்று நம் நாட்டில் நிலைமை பெரிதும் மாறியுள்ளது. 1998இல் ஆலோசகர் சட்டம் இயற்றப்பட்டது. தற்கொலைக்கு முயல்வோரைத் தண்டிக்கும் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. துன்பத்தின் எல்லையில் நிற்பவர் குற்றவாளி அல்லர் என்பதை நாடு ஒப்புக்கொண்டது. ஆயினும், 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, பதின்ம வயது மாணவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வு காணப்படுவதாகத் தெரிவித்தது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் பத்து மாணவர்களை எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியர் அனைவரும் ஆலோசகர் ஆகிவிட இயலாது; ஆக வேண்டியதும் இல்லை. பயிற்சி பெற்றவரிடமும் தேவையாயின் மருத்துவரிடமும் பிள்ளையைக் கொண்டு சேர்ப்பதே நம் கடமை. தாலியான் காசே எனப்படும் 15999 என்னும் உதவி எண்ணையும் மாணவர் அறிந்திருக்கச் செய்யலாம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்களித்தல் தகாது. உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் அவ்வாக்கைக் காக்க முடியாது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என நேரே வினவ அஞ்சவும் வேண்டா. வினவுவதால் அவ்வெண்ணம் விளைவதில்லை. தனிமைச் சுமையே குறைகின்றது.

இளைய ஆசிரியர்களுக்கு நான் கூற விழைவது இதுவே: நன்கு படித்த மாணவன் திடீரென ஏட்டை வெறுமையாக நீட்டுவானாயின், அதனைச் சோம்பல் என்று திருத்தக் குறியிடாதீர்கள். பள்ளி முடிந்தபின் அவனருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமருங்கள். அவன் பேசாவிடினும் எழுந்து போய்விடாதீர்கள். என் மாணவனுக்கு நான்காம் நாள்தான் சொல் பிறந்தது.

மாணவ மணிகளே, உங்கள் ஆசிரியர் முதல்முறை உங்களைச் செவிமடுக்கத் தவறினால், அருள்கூர்ந்து இன்னொருவரிடம் சொல்லுங்கள். தவறிய ஆசிரியருள் ஒருவன் என்னும் உரிமையோடு இதனை வேண்டிக்கொள்கின்றேன்.