கம்பொட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு

எங்க வீட்டில் ஊர் சுத்தறதுன்னா ரெண்டு கட்சி. தங்கமணி 'பார்க்கணும்' கட்சி, நான் 'படுக்கணும்' கட்சி. 2024 ஜனவரியில் பத்து நாள் லீவு போட்டு கொல்கத்தாவிலிருந்து பாங்காக் வழியா கம்போடியா போனோம். முதல் பாதி அவங்க கட்சி ஆட்சி. அங்கோர் வாட்டில் ஆரம்பிச்சு கோயில் கோயிலா ஏறி இறங்கி முட்டி கழண்டு போச்சு. மிச்சம் இருந்த நாட்களுக்கு நான் போராடி வாங்கின ஊர்தான் கம்பொட்.

(எல்.எஃப்.சி.யில் போனீங்களான்னு கேட்கப் போகிற வங்கி நண்பர்களுக்கு: இல்லைங்க. வெளிநாட்டைச் சுத்திட்டு வர்ற பயணத்துக்கு வரிவிலக்கு கிடையாதுன்னு உச்ச நீதிமன்றமே 2022 நவம்பரில் சொல்லிடுச்சு. எல்லாம் சொந்தக் காசு.)

ப்னாம் பென்னிலிருந்து தெற்கே சுமார் 150 கிலோமீட்டர். வேனில் போனோம். ஆறு கடலில் கலக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பொக்கோர் மலையைப் பார்த்தபடி ஊர் உட்கார்ந்திருக்கு. பிரெஞ்சுக்காரங்க காலத்துக் கடைவீடுகள், மஞ்சள் பெயின்ட் உரிஞ்ச சுவர்கள். ஊர் நடுவில் ரவுண்டானாவில் சிலை இருக்கு. தலைவர் யாருன்னு பார்த்தா, பிரம்மாண்டமான ஒரு டூரியன் பழம்! ஆத்துக்குக் குறுக்கே பழைய பாலம் ஒண்ணு. போர்க்காலத்தில் உடைஞ்சதைக் கிடைச்சதை வச்சு ஒட்டுப் போட்டிருக்காங்க. ஒரு கண் ஒரு மாதிரி, அடுத்த கண் வேற மாதிரி. நம்ம ஊர்ல தையக்காரர் மீந்த துணியில் தைச்ச பை மாதிரி இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

நாங்க தங்கினது ஆத்தங்கரைத் தெருவுக்கு உள்ளே, ஒரு விருந்தினர் இல்லம். கீழே தரை ஓடு, மேலே மரத்தளம். படியில் செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறணும். ஆறே ஆறு அறை. வெள்ளைக் கொசுவலை, நல்லா ஓடுற ஃபேன், வாசல் தாழ்வாரத்தில் ரெண்டு ஏணை. மூலையில் கம்பத்து மேல சின்னதா ஒரு தெய்வ வீடு. அதுக்குத் தினமும் காலையில் வாழைப்பழமும் ஊதுவத்தியும். ஒரு நாளைக்கு 25 டாலர், காலைச் சாப்பாட்டோட. அன்னிக்குக் கணக்குக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். சொகுசுன்னா பெரிய ஹோட்டல் சொகுசு இல்லை. அத்தை வீட்டுக்குப் போனா மத்தியானம் யாரும் எழுப்ப மாட்டாங்களே, அந்தச் சொகுசு.

நடத்துறது அறுபதை ஒட்டின ஒரு அம்மா. இங்கிலீஷ் தெரியாது. கூட இருக்கிற அண்ணன் பொண்ணுக்கு நல்லா வரும். அந்த ஊரில் மூத்தவங்களை, ஆணோ பெண்ணோ, 'போங்'னு கூப்பிடணுமாம். அக்கா, அண்ணா ரெண்டுக்கும் சேர்த்து ஒரே வார்த்தை. நானும் மரியாதையா தினமும் கையைக் கூப்பி "போங்" என்பேன். "காலங்கார்த்தால அந்த அம்மாவைப் பார்த்து எங்கே போகச் சொல்றீங்க?"ன்னு தங்கமணிக்கு அஞ்சு நாளும் சிரிப்பு.

சரி, நோட்டு விஷயத்துக்கு வர்றேன்.

சமையலறை வாசலில் ஒரு ஃப்ரிட்ஜ். பீர், தண்ணி, இளநீர் எல்லாம் அதில். பக்கத்தில் நூலில் கட்டின பென்சிலோட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதற மாதிரி நாற்பது பக்க நோட்டு. அறைக்கு ஒரு பக்கம். எடுக்கிறதை நாமே எடுத்துக்கணும், நாமே எழுதிக்கணும். சைக்கிள் எடுத்தாலும் சரி, துணி வெளுக்கப் போட்டாலும் சரி, அதில்தான். யாரும் பார்க்கிறதில்லை. ராத்திரி அந்த அம்மா தூங்கப் போயிடுவாங்க, ஃப்ரிட்ஜ் திறந்தே கிடக்கும்.

இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டினவனுக்கு இதைப் பார்த்தா எப்படி இருக்கும்? எங்களுக்கு ஒருத்தர் பதிஞ்சா இன்னொருத்தர் சரிபார்க்கணும். பெட்டகத்துக்கு ரெண்டு சாவி, ரெண்டு பேர்கிட்ட. நான் மனசுக்குள்ள அந்த இல்லத்துக்கு ஆய்வறிக்கையே எழுத ஆரம்பிச்சுட்டேன். இருப்புப் பதிவேடு இல்லை, அடித்தல் திருத்தலுக்குக் கையெழுத்து இல்லை, பென்சிலில் எழுதுறாங்க... பென்சில்!

பணமும் அங்கே ஒரு தினுசு. டாலர், ரியல் ரெண்டும் ஒரே கல்லாவில் ஓடுது. ஒரு டாலருக்கு 4,000 ரியல், கொஞ்சம் முன்னே பின்னே. பத்து டாலர் கொடுத்து ஏழரை டாலருக்குச் சாப்பிட்டா, மீதி ரெண்டு டாலர் நோட்டாவும் அரை டாலர் ரியலாவும் வரும். சில்லறைக் காசே புழக்கத்தில் இல்லை. ஏ.டி.எம்.மும் டாலர் கொடுக்கும். ஆனா டாலர் நோட்டில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டாங்க. ரியல் கசங்கி, அழுக்கேறி இருந்தாலும் ஓடும். டாலர் மட்டும் சலவைக்குப் போய் வந்த மாதிரி இருக்கணும்.

வங்கிக்கு அவங்க மொழியில் 'தோனியாகியா' மாதிரி ஒரு உச்சரிப்பு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு அந்தப் பொண்ணை எழுத்து எழுத்தா சொல்லச் சொல்லிக் கேட்டேன். தன + ஆகாரம்! செல்வம் இருக்கும் வீடு. இருபது வருஷமா நான் வேலை பார்க்கிற இடத்துக்கு இவ்வளவு அழகான பேர் இருக்குன்னு கம்போடியா போய்த்தான் தெரிஞ்சுது.

மூணாம் நாள் மிளகுத் தோட்டம் போனோம். கம்பொட் மிளகுக்கு 2010லேயே அந்த நாட்டுப் புவிசார் குறியீடு, 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் கிடைச்சிருக்கு. நம்ம கொல்லிமலையில் சில்வர் ஓக் மரத்தில் ஏத்தி விடுறோம். அங்கே செம்மண்ணில் வரிசையா கம்பம் நட்டு, அதில் கொடி. ஒரே கொடியில் நாலு சரக்கு. பச்சையா பறிச்சா சமையலுக்கு, காய வச்சா கருப்பு, பழுக்க விட்டுக் காய வச்சா சிவப்பு, அந்தப் பழத்தை ஊற வச்சுத் தோலை உரிச்சா வெள்ளை. எலுமிச்சைச் சாறில் உப்பும் மிளகுத்தூளும் குழைச்சு ஒரு தொட்டுக்கை கொடுப்பாங்க. பொரிச்ச மீனை அதில் தொட்டு நான் சாப்பிட்டதை எழுதினா இந்தக் கட்டுரை வேற பக்கம் போயிடும். எதில் பார்த்தாலும் மீன் சாஸ் இருக்கிற ஊரில் தங்கமணிக்கு அதே தொட்டுக்கையும் வெறும் சோறும் வெள்ளரிக்காயும்தான். "ரசம் வைக்கத் தெரியாத ஊரில் எதுக்கு இவ்வளவு நல்ல மிளகு?"ன்னு புலம்பிட்டே மூணு பாக்கெட் வாங்கினாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் துணி வெளுத்த காசுக்கு இருபது டாலர் நீட்டினேன். அந்த அம்மா விளக்கில் பிடிச்சுப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க. ஓரத்தில் மயிரிழை கிழிசல். நான் விடுவேனா? எங்க ஊரில் கிழிஞ்ச நோட்டை மாத்திக் கொடுக்க ரிசர்வ் வங்கி விதியே இருக்கு, எவ்வளவு பரப்பு மிச்சம் இருந்தா எவ்வளவு பணம்னு கணக்கு இருக்கு, நானே ஆயிரக்கணக்கில் மாத்திக் கொடுத்திருக்கேன்னு பிரசங்கம் பண்ணினேன். அந்தப் பொண்ணு மொழிபெயர்க்க, அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஏணையில் உட்கார்ந்து மெதுவா பேச ஆரம்பிச்சாங்க.

1975 ஏப்ரல் 17. அவங்களுக்குப் பதினோரு வயசு, ப்னாம் பென்னில் வீடு. கெமர் ரூஜ் படை உள்ளே வந்து மொத்த நகரத்தையும் காலி பண்ணச் சொல்லிடுச்சு. அவங்க அம்மா வருஷக்கணக்கா சேர்த்த பணத்தைப் பாவாடைத் துணியில் மூட்டையா கட்டி இடுப்பில் வச்சுக்கிட்டு நடந்தாங்களாம். ரெண்டு மூணு நாளில் தெரிஞ்சு போச்சு, வழியில் அந்த நோட்டை வாங்க யாருமே இல்லை. ரோட்டில் பணம் கிடந்தது, குனிஞ்சு எடுக்க ஆளில்லை. மூட்டையை எந்த இடத்தில் விட்டோம்னு அம்மாவுக்கே ஞாபகம் இல்லையாம்.

அந்த ஆட்சி பணத்தையே ஒழிச்சுடுச்சு. மத்திய வங்கிக் கட்டடத்தை வெடி வச்சுத் தகர்த்தாங்க. புது நோட்டுக்கூட அச்சடிச்சு வச்சிருந்தாங்க, ஆனா புழக்கத்துக்கு விடவே இல்லை. உடம்பில் ஒளிச்சு வச்சிருந்த பொட்டுத் தங்கத்துக்கு ரகசியமா அரிசி. அளவு, கன்டென்ஸ்டு பால் டின். அவங்க அம்மாவோட சங்கிலி அப்படி டின் டின்னா கரைஞ்சது. அப்பா திரும்பி வரலை. அதை ஒரே வரியில் சொல்லிட்டு மேலே போயிட்டாங்க, நானும் கேட்கலை.

மூணு வருஷம் எட்டு மாசம் இருபது நாள். இந்தக் கணக்கை அந்த நாட்டில் இதே மாதிரி நாள் சுத்தமா சொல்றாங்க. மறுபடி ரியல் வந்தது 1980 மார்ச்சில்தான். மாத்திக்க யார்கிட்டேயும் பழைய பணம் இல்லாததால, அரசாங்கம் முதலில் சும்மாவே கொடுத்துப் பழக்கப்படுத்தியிருக்கு. நான் படிச்ச பி.காம்.ல பணத்தோட இலக்கணம் நாலு வரி மனப்பாடம் பண்ணியிருக்கேன். சும்மா கொடுத்தாலும் ஜனங்க நம்பணுமேங்கிற வரி அதில் கிடையாது.

"அப்போ இந்த நோட்டு? இதை மட்டும் எப்படி நம்புறீங்க?"ன்னு கேட்டேன்.

அம்மா சிரிச்சாங்க. எழுதாம விட்டா என்ன போகும், ரெண்டு பீர். அப்புறம் இன்னொண்ணும் சொன்னாங்க. அந்த நாலு வருஷமும் யாராவது எங்களை எண்ணிக்கிட்டே இருந்தாங்க, யார் என்ன எடுத்தது, யார் என்ன தின்னதுன்னு. என் வீட்டுக்கு வர்றவங்களை நான் எண்ண மாட்டேன்.

கடைசி நாள் ராத்திரி எங்க பக்கத்தைக் கூட்டிப் பார்த்தேன். 31 டாலர் 6,000 ரியல். சரின்னு மறுநாள் காலையில் கொடுத்துட்டு, வேனுக்குக் காத்திருக்கும்போது தங்கமணி கேட்டாங்க, "சைக்கிளை எழுதினீங்களா?" எழுதலை. ரெண்டு சைக்கிள், ஒரு நாள். முதல் நாள் ராத்திரி குடிச்ச மூணு பீரும் எழுதலை. நோட்டு விஷயமே அப்போ புரியலை. இளநீர் ரெண்டு. எல்லாம் சேர்த்து ஒன்பது டாலர். ஊருக்கே தணிக்கை பண்றவன் கணக்கில் ஒன்பது டாலர் துண்டு விழுது!

பையைத் தூக்கிட்டு உள்ளே ஓடினேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, "அத்தைக்கு அன்னிக்கே தெரியும்"னு சொல்லிட்டாள். காலி பாட்டிலை எடுத்துப் போட்டதே அவங்கதானே. ஒரு வார்த்தை கேட்கலையேன்னேன். "கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல?"

வேனில் ப்னாம் பென் வரைக்கும் நான் பேசலை. தங்கமணி வயிறு சரியில்லைன்னு நினைச்சுட்டாங்க.

இதுக்கு முன்னாடி நான் இருந்த கிளையில், 2018இல், ஒரு சாயங்காலம் ரொக்கத்தில் ஐயாயிரம் ரூபாய் குறைஞ்சது. கேஷியர் சின்னப் பொண்ணு, வேலையில் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகலை. மூணு தடவை எண்ணினாள். கண்ணு கலங்கியிருந்தது. எங்க வழக்கப்படி துண்டு விழுந்தது கேஷியர் பொறுப்பு. அன்னிக்கே தன் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினாள். பொறுப்பு அதிகாரியா நான் கோப்பில் ஒரு குறிப்பும் எழுதினேன், 'ரொக்கம் கையாள்வதில் கூடுதல் கவனம் தேவை'ன்னு.

எட்டாவது நாள் ஏ.டி.எம். பெட்டியைத் திறந்து எண்ணினப்போ ஐயாயிரம் அதிகம் இருந்தது. பத்து ஐநூறு. அன்னிக்கு மத்தியானம் பணம் நிரப்பப் போகிற அவசரத்தில், அவள் மேஜையில் தனியா வச்சிருந்த பத்து நோட்டையும் கட்டோட சேர்த்து அள்ளிட்டுப் போனது நான். எண்ணாமல் கையெழுத்துப் போட்டதும் நான். பணத்தை அவள் கணக்குக்குத் திருப்பிட்டேன். அதில் குறை வைக்கலை. 'வித்தியாசம் கண்டறியப்பட்டு சரிசெய்யப்பட்டது'ன்னு நரேஷன். யார் கண்டறிஞ்சது, யார் தப்புன்னு நரேஷனில் வராது. கோப்பில் எழுதின குறிப்பை நான் எடுக்கலை. அவள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பிறகு அவள் மாற்றலாகிப் போயிட்டாள். ரெண்டு வருஷம் கழிச்சுப் பதவி உயர்வு நேர்காணலில் அந்தக் குறிப்பைப் பத்திக் கேட்டாங்களாம். இதை வேற ஒருத்தர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அப்பவும் சும்மாதான் இருந்தேன்.

கொல்கத்தா திரும்பி ஒரு வாரத்தில், அந்தக் குறிப்பு என் தவறால் எழுதப்பட்டதுன்னு தேதி, தொகை, ஏ.டி.எம். விவரத்தோட பழைய கிளைக்கும் வட்டார அலுவலகத்துக்கும் கடிதம் அனுப்பினேன். என்கிட்ட விளக்கம் கேட்டாங்க, கொடுத்திருக்கேன். அந்தப் பொண்ணுக்குத் தனியா ஒரு பக்கம் கையால் எழுதி, தங்கமணிகிட்ட கேட்டு ஒரு பாக்கெட் மிளகும் வச்சு அவள் இப்போ இருக்கிற கிளைக்கு அனுப்பினேன்.

பதில் எதுவும் வரலை. பாக்கெட் சேர்ந்துடுச்சுன்னு மட்டும் கூரியர்காரங்க காட்டினாங்க.