டைல்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கொடைரோடு ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கொடைக்கானல் பஸ்ஸைத்தான் தேடுவார்கள். நானும் என் அக்காவின் கணவரான மைத்துனரும் அம்மையநாயக்கனூர்த் தெரு ஒன்றுக்குள் நடந்தோம். அங்கே விலைக்கு வந்திருந்த வீட்டின் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டைத் தட்டிப் பார்க்க, தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பியையும் நிலக்கோட்டையிலிருந்து வரச் சொல்லியிருந்தோம்.

வாசலிலேயே வீட்டுக்காரரின் கைவேலை தெரிந்தது. நடக்க முடியாமல் போன அம்மாவுக்காக, படிக்குப் பக்கத்தில் அவரே சிமென்ட் குழைத்துச் சாய்தளம் போட்டிருந்தார். திண்ணை உயரம் ஒன்றரை அடி. ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சக்கர நாற்காலிக்கான பொதுக் கணக்கு. அப்படியானால் பதினெட்டு அடி ஓட வேண்டும்; இங்கே இருப்பது ஐந்தடி. மழை நாளில் நாற்காலியைப் பிடித்திருப்பவரையும் சேர்த்து இழுத்துவிடும்.

ஜன்னல்களில் வெல்டிங் அடித்த கம்பி வலை, எதுவும் திறக்காது. பின்கதவில் பெரிய திண்டுக்கல் பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது, உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி தீப்பிடித்தால் சாவி எங்கே இருக்கும் என்று கேட்டேன். "அலமாரியில" என்றார்.

குளியலறைதான் என்னைக் கலங்கடித்தது. கழிப்பறை அருகே எவர்சில்வர் கைப்பிடி பளபளவென்று இருந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி சுற்றிலும் விரலால் தட்டினார். டைல்ஸ் வெற்றுச் சத்தம் கொடுத்தது.

"இது ஹாலோபிளாக் சுவருங்களாய்யா?"

"ஆமா தம்பி. டிரில் போடுறப்பவே பொசுக்குன்னு உள்ள எறங்கிருச்சு. சாதா பிளக்கு வெச்சுத்தான் முடுக்கினேன். அம்மா எடை கம்மி, தாங்குச்சு."

அந்தக் கைப்பிடியை நம்பி ஒரு கனத்த மனிதர் வழுக்கும்போது பிடித்தால் டைல்ஸோடு பெயர்ந்து கையில் வரும். கைப்பிடியே இல்லாவிட்டால் கவனமாகவாவது நடந்திருப்பார்.

அடுத்து மெயின் போர்டு. ஆர்.சி.சி.பி. இருந்தது. நாங்கள் ட்ரிப்பர் என்போமே, அதுதான். மின்கசிவு 30 மில்லியாம்பியரை எட்டினாலே கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிக்கிற உயிர்காப்பான். சோதனைப் பொத்தானை அமுக்கினோம். லீவர் விழுந்தது, ஃபேன் நின்றது. மைத்துனர் முகம் மலர்ந்துவிட்டது. தம்பி மட்டும் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார். கீசரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் மறைக்கவில்லை. "கீசர் போட்டாலே ட்ரிப் ஆகிக்கிட்டு இருந்துச்சு. அம்மா குளிக்கிற நேரத்துல இருட்டாயி விழுந்துட்டா என்ன பண்றது? அதான் அந்த லைனை மட்டும் மெயின்லருந்து நேரா எடுத்துட்டேன்." ட்ரிப் ஆனதே கீசரில் கசிவு இருந்ததால்தான் இருக்கும். அம்மாவைக் காப்பாற்றத்தான் அந்த மகன் அப்படிச் செய்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே வயரோடு வீடு கைமாறினால், காவல் இருக்கிறதென்று நம்பி ஈரக்காலோடு நிற்கப்போவது என் அக்கா.

இந்த இடத்தில்தான் சட்டம் பேசுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு: விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் பிடிபடாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு வைக்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, மோசடியால் பெற்ற சம்மதத்தின்மேல் நிற்கும் ஒப்பந்தத்தை வாங்கியவர் ரத்து செய்யக் கேட்கலாம். எது முக்கியக் குறை என்பதை வழக்கு வந்தால் நீதிமன்றம் முடிவு செய்யும். நல்லெண்ணத்தில் செய்தேன் என்பது மட்டும் அங்கே பதிலாகாது. டிரில் பொசுக்கென்று இறங்கியது விற்பவர் கைக்கு மட்டுமே தெரியும். நேராக இழுத்த லைனும் அப்படித்தான்.

நம் கிரையப் பத்திரங்கள் வில்லங்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். வயரிங்கைப் பற்றி ஒரு வரி இருக்காது. இங்கிலாந்தில் வீடு விற்பவர், என்னென்ன மாற்றம் செய்தார், மின்வேலைக்குச் சான்று உண்டா என்று டி.ஏ.6 என்ற படிவத்தில் எழுதிக்கொடுப்பது வழக்கம். இங்கே 2016-இன் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு ஐந்தாண்டுப் பொறுப்பு உண்டு. அது வீடு கட்டி விற்கும் நிறுவனத்துக்கு; குடியிருந்த வீட்டை விற்கும் தனிமனிதருக்கு அல்ல. ஆகவே நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். வீட்டுக்காரருக்கு முதலில் முகம் சுண்டியது. "நான் ஏமாத்துற ஆளா?" என்றார். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அவரை யாரும் அப்படிச் சொல்ல முடியாது என்று விளக்கினேன். கைப்பிடி எந்தச் சுவரில், எந்த பிளக்கில் நிற்கிறது, கீசர் லைன் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் கிரைய ஒப்பந்தத்திலேயே சேரும். பழைய கீசரைக் கழற்றிவிட்டு, அந்த லைனை ட்ரிப்பருக்குள் கொண்டுவரும் செலவு அவருடையது. எர்த்தையும் அளந்து காட்ட வேண்டும். கைப்பிடியை அன்றே கழற்றச் சொல்லிவிட்டேன்.

சாய்தளத்தையும் ஜன்னல் கம்பிகளையும் ஒப்பந்தத்தில் சேர்க்கவில்லை. இரண்டும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன; பார்த்துத்தான் வாங்குகிறோம். இடிக்கிற கூலியும் வெல்டர் கூலியும் மைத்துனர் கணக்கு.